கோள்களைக் கூர்மையாகப் பார்க்க எந்த ஐபீஸ், எந்த இடம்? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கி வாங்கிய புதிதில் எல்லோரும் நிலவைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். அடுத்து வியாழன் பக்கம் திருப்பினால் ஏமாற்றம்தான். கலங்கிய வெள்ளைப் பொட்டு ஒன்று நடுங்கிக்கொண்டிருக்கும். பழி உடனே ஐபீஸ் மேல் விழும். கண்ணருகே பொருத்தும் அந்தச் சிறு லென்ஸ் குழாயைத்தான் பள்ளிப் பாடத்தில் கண்ணருகு வில்லை என்று படித்தோம். இந்த இரண்டு மாவட்டங்களில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அது பற்றியும், அதைவிட முக்கியமான, பார்க்கும் இடத்தைப் பற்றியும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

வியாழன் தெளிவாகத் தெரியவில்லை. முதலில் எந்த ஐபீஸ் வாங்கலாம்?

எதையும் வாங்க வேண்டாம். தொலைநோக்கியை மொட்டைமாடியில் இருந்து இறக்கி, வீட்டை விட்டுத் தள்ளி மண்தரையில் வையுங்கள். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் ஐபீஸைப் பற்றிப் பேசலாம். இங்கே வருகிற புகார்களில் பெரும்பாலானவை கண்ணாடியின் குற்றம் அல்ல, காற்றின் குற்றம்.

கோள்களைப் பார்க்க நல்ல இருட்டு வேண்டாமா? அஞ்செட்டிப் பக்கம் போனால்தான் நன்றாகத் தெரியும் என்கிறார்களே?

ஆண்ட்ரோமெடா மண்டலத்துக்கும் மங்கலான நெபுலாக்களுக்கும் இருட்டு வேண்டும். வியாழனுக்கு வேண்டாம். தர்மபுரி பேருந்து நிலைய விளக்குகளுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் தெரிகிற பொருள் அது. சனி, செவ்வாய், வெள்ளி எல்லாமே அப்படித்தான். ஓசூரின் தொழிற்சாலை வெளிச்சம் இவற்றில் எதையும் மறைத்துவிடாது. சொல்லப்போனால், கண் முழுவதுமாக இருட்டுக்குப் பழகிவிட்டால் பெரிய தொலைநோக்கியில் வியாழன் கூசும். பட்டைகளின் நிறமும் வெளுத்துப் போகும். சற்று வெளிச்சம் உள்ள முற்றமே மேல்.

இருட்டையும் அமைதியையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மழை பெய்து ஓய்ந்த இரவில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும், விண்மீன்கள் பளிச்சென்று மின்னும். அந்த மினுமினுப்புதான் எச்சரிக்கை: மேலே காற்று கொந்தளிக்கிறது. மாறாக, லேசான புகைமூட்டம் படர்ந்து, விண்மீன்கள் மங்கலாக ஆடாமல் அசையாமல் நிற்கிற இரவைப் பலர் "வானம் சரியில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். சனியைப் பார்க்க அதைவிட நல்ல இரவு கிடைப்பது அரிது.

உங்களைத் தொல்லைப்படுத்தக்கூடியது கண்ணில் நேராக அடிக்கும் தெருவிளக்கு மட்டுமே. தலைமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் அதுவும் தீர்ந்தது.

காற்று கலங்குவது என்றால் சரியாக என்ன நடக்கிறது?

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. இரண்டும் கலந்து புரளும்போது ஒளிக்கதிர் நேராக வராமல் நெளிகிறது. தொப்பூர் பக்கம் நண்பகலில் தேசிய நெடுஞ்சாலையைப் பார்த்தால் தார்ச்சாலைக்கு மேலே எதிரே வரும் லாரி நெளிகிறதே, அதே காரியம்தான் இரவிலும் சிறிய அளவில் நடக்கிறது. தொலைநோக்கி அதை 150 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

எண்களில் சொன்னால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. நமக்கு அருகில் வரும் காலத்தில் வியாழனின் அகலம் 45 முதல் 50 வில்விநாடி வரை. 200 மி.மீ. கண்ணாடி கொண்ட தொலைநோக்கி கோட்பாட்டளவில் 0.6 வில்விநாடி நுணுக்கம் வரை பிரித்துக் காட்டும். ஆனால் நல்ல இரவிலேயே காற்று 1 வில்விநாடி அளவுக்கு உருவத்தைக் கலைத்துவிடும். சாதாரண இரவில் 2, அதற்கும் மேல். இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த ஐபீஸைப் பொருத்தினாலும் அது கலங்கலைத்தான் தெளிவாகக் காட்டும்.

கலங்கல் எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், செலவில்லாமல். உச்சிக்கு அருகில் உள்ள ஒரு பிரகாசமான விண்மீனை நடுத்தரப் பெருக்கத்தில் பிடியுங்கள். ஃபோகஸ் குமிழைத் திருப்பி அதை வேண்டுமென்றே கலைத்து, சிறு தட்டாக விரியச் செய்யுங்கள். இனி அந்தத் தட்டின் மேல் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள்.

மெல்லிய புகைபோல ஒரு சுருள் தட்டின் ஒரு பக்கத்தில் இருந்து சோம்பலாக எழுந்து நெளிந்தால், அது தொலைநோக்கியின் குழாய்க்குள்ளேயே இருக்கும் சூடு. கண்ணாடி இன்னும் ஆறவில்லை என்று பொருள்; காத்திருங்கள். தட்டு முழுவதும் கொதிப்பதுபோலத் தளும்பினால் கீழே தரைக்கு அருகில் கோளாறு. அது மொட்டைமாடியாகவோ, பக்கத்துத் தகரக் கூரையாகவோ, உங்கள் உடம்பின் சூடாகவோகூட இருக்கலாம். குழாயின் வாய்க்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள், உள்ளங்கையின் வெப்பமே தட்டில் கொழுந்துவிட்டு எழுவது தெரியும். மெல்லிய கோடுகள் ஒரே திசையில் விறுவிறுவென்று ஆறுபோல ஓடினால் கோளாறு பல கிலோமீட்டர் உயரத்தில் உள்ள வேகக் காற்றில். முதல் இரண்டையும் நீங்கள் சரிசெய்யலாம். மூன்றாவதை யாராலும் சரிசெய்ய முடியாது. அன்றைக்குக் குறைந்த பெருக்கத்தில் நிலவைப் பார்த்துவிட்டு உறங்கப் போவது உத்தமம்.

எனக்கு மொட்டைமாடியைத் தவிர வேறு இடம் இல்லையே?

நகரத்தில் பலருக்கும் இதே நிலைதான். கான்கிரீட் தளம் சித்திரை வெயிலில் பகல் முழுவதும் குடித்த சூட்டை நள்ளிரவு வரை கக்கும். வெறுங்காலை வைத்துப் பாருங்கள். தளம் கதகதப்பாக இருக்கும்வரை கோள்களுக்கு நேரம் வரவில்லை. மாலையில் தண்ணீர் தெளித்துவிட்டால் ஓரளவு ஆறும். வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடித்த மாடி இன்னும் நன்றாக ஆறும். பக்கத்து வீட்டு ஏ.சி. வெளிப்பெட்டி, சமையலறைப் புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு மேலாகப் பார்க்காதபடி ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பாருங்கள். அந்த நேரத்தில் மொட்டைமாடியும் நல்ல இடம்தான்.

ஊருக்கு வெளியே எப்படிப்பட்ட இடத்தைத் தேட வேண்டும்?

புல்லும் பயிரும் உள்ள திறந்தவெளி. பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கங்களில் சொந்தக்காரர்களின் கொல்லையோ வயலோ இல்லாதவர்கள் குறைவு. ராகிக் கொல்லையின் ஓரம், அறுத்த வயல், பள்ளிக்கூட விளையாட்டுத் திடல் எல்லாம் பொருந்தும். செடி மூடிய மண் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. பார்க்கும் திசையில் அரை கிலோமீட்டருக்கு வீடோ, செங்கல் சூளையோ, கரும்புத் தோகை கொளுத்தும் இடமோ இல்லாமல் இருந்தால் போதும்.

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தோப்புக்கு நடுவே வேண்டாம். வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும், இலைகளுக்கு அடியில் காற்றும் தேங்கி நிற்கும். தோப்பின் ஓரத்தில், காற்று வரும் பக்கம் மரங்கள் மறைப்பாக நிற்க, நாற்பது ஐம்பது அடி தள்ளி நின்றால் தொலைநோக்கி ஆடாது.

பாறைக் குன்றின் மேல் ஏறிவிட்டால் காற்று சுத்தமாக இருக்குமே?

சுத்தமாக இருக்கும், அமைதியாக இருக்காது. நம் பகுதிக் குன்றுகள் மொட்டைக் கருங்கல். கிருஷ்ணகிரி கோட்டை மலையாகட்டும், ராயக்கோட்டையாகட்டும், பர்கூரைச் சுற்றியுள்ள பாறைகளாகட்டும், எல்லாம் மாலை வரை வெயிலை வாங்கி இரவு முழுவதும் மெதுவாக விடுகிற அடுப்புகள். பாறைமேல் நின்று பார்த்தால் அந்தச் சூடு காலடியில் இருந்து எழுந்து உங்கள் பார்வைக் கோட்டிலேயே கலக்கும். போதாக்குறைக்கு, குன்றின் உச்சியில் மோதும் காற்று முக்காலியை உலுக்கும். கோட்டை மலைகள் இரவில் ஏறுவதற்கான இடங்களும் அல்ல.

குன்றுகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். காற்று மலையைத் தாண்டி உங்கள் மேல் இறங்கும் பக்கத்தில் நிற்காதீர்கள். தடையைத் தாண்டிய காற்று உடைந்து சுழலும். காற்று முதலில் உங்களைத் தொட்டுவிட்டுப் பிறகு மலைக்குப் போகும் பக்கமே நல்லது.

வத்தல்மலை, தளி போன்ற உயரமான இடங்கள்?

உயரத்துக்கு நிச்சயம் மதிப்பு உண்டு. தர்மபுரி நகரம் சுமார் 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர், தளி மேட்டுநிலம் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. புழுதியும் வெப்பமும் கீழே தங்கிவிடுகின்றன. வத்தல்மலையில் காபியும் மிளகும் விளைகிற அளவுக்கு நிழலும் குளிர்ச்சியும் உண்டு. ஆனால் உயரத்தைவிடத் தரையின் தன்மை முக்கியம்.

இதற்கு நல்ல சாட்சி நம் அண்டை மாவட்டத்திலேயே இருக்கிறது. ஊத்தங்கரைக்கு அப்பால், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் 725 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இமயமலை உயரம் இல்லை. மொட்டைப் பாறை உச்சியும் இல்லை. சுற்றிலும் காடு. 1960-களில் வானியலாளர் வேணு பாப்பு தேடிப் பிடித்த இடம் அது. 1972-இல் அங்கே நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கியில்தான், வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயம் அதே ஆண்டில் பதிவானது. 1977-இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோதும் காவலூர் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு 1986-இல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வேணு பாப்புவின் பெயரையே வைத்தார்கள். காட்டுக்கு நடுவே மிதமான உயரத்தில் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. உங்கள் 8 அங்குலத் தொலைநோக்கிக்கு வத்தல்மலையின் ஒரு புல்வெளி ஏராளம்.

மலைக்குப் போவதாக இருந்தால் பள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டாம். இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் சேரும். பனிமூட்டமும் அங்கேதான் முதலில் கட்டும். தளிப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கே.ஆர்.பி. அணை, ஏரிக்கரைகள் எப்படி?

தண்ணீர் சீக்கிரம் சூடாவதும் இல்லை, சீக்கிரம் ஆறுவதும் இல்லை. அதன்மேல் ஓடிவரும் காற்று சீராக வரும். உதய்பூரில் சூரியனை ஆராயும் ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்கு நடுவே ஒரு தீவில் கட்டியிருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். அது பகல் வேலை. இரவில் பலன் சற்றுக் குறைவு. நள்ளிரவுக்குப் பிறகு காற்று ஆறிவிடுவதால் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும், ஈரமும் லென்ஸில் படியும். முன்னிரவில் பார்ப்பவர்களுக்கு ஏரிக்கரை நல்ல இடம். காற்று நீர்ப்பரப்பைக் கடந்து உங்களை நோக்கி வரும் கரையாகப் பார்த்து நில்லுங்கள். அணைப் பூங்காவுக்குள் இரவில் தங்க முடியாது என்பதால் சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஏரிக்கரைகளையே சொல்கிறேன். கொசுவர்த்தியைத் தொலைநோக்கிக்கு அடியில் கொளுத்தி வைக்காதீர்கள்!

எந்த மாதம், எந்த நேரம்?

தை பிறந்ததில் இருந்து பங்குனி வரை நமக்குப் பொற்காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கோடை இடிமழை இன்னும் தொடங்கியிருக்காது. சித்திரை, வைகாசியில் பகல் சூடு அதிகம் என்பதால் பின்னிரவே பயன்படும். ஆடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மியையே பறக்கவிடும் காற்றில் முக்காலி எம்மாத்திரம்? ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகும் இடைவெளிகளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

நேரம் என்றால், சூரியன் மறைந்த உடனே வரும் அரை மணி நேரத்தைப் பலர் வீணாக்குகிறார்கள். வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே வெள்ளியைப் பார்த்துவிடுங்கள். இருட்டிய பிறகு அது கூசும், கீழேயும் இறங்கிவிடும். அதன் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் தரை சூட்டை விடும் நேரம். நள்ளிரவுக்கு மேல் மீண்டும் அடங்கும்.

நாம் 12 பாகை வட அட்சரேகையில் இருப்பது பெரிய கொடுப்பினை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2018, 2019 ஆண்டுகளில் சனி வானத்தின் தென்பகுதியில் தாழ்ந்திருந்தபோது லண்டனில் உள்ளவர்களுக்கு அது அடிவானத்தில் இருந்து 16, 17 பாகைக்கு மேல் ஏறவே இல்லை. தர்மபுரியில் 56 பாகை உயரம் வரை ஏறியது. 30 பாகை உயரத்தில் உள்ள கோளின் ஒளி, உச்சியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். கீழே உள்ள கோளின் மேல்விளிம்பில் நீலமும் கீழ்விளிம்பில் சிவப்பும் கசிவது இதனால்தான். ஐபீஸைக் குறை சொல்வதற்கு முன் கோள் மேலே ஏறும் வரை பொறுங்கள்.

எத்தனை மடங்கு பெருக்கம் வேண்டும்? கடையில் 525 மடங்கு என்று போட்டிருந்ததே?

அந்த எண் அட்டைப்பெட்டிக்கு மட்டும் சொந்தம். பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. அதை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், நுணுக்கம் கூடாது. கண்ணாடியின் விட்டத்தில் ஒரு மி.மீ.க்கு 2 மடங்கு என்பதுதான் மேல்வரம்பு. 70 மி.மீ. தொலைநோக்கிக்கு 140. பெரிய தொலைநோக்கிகளுக்கு அந்த வரம்பை எட்டும் முன்பே காற்று தடுத்துவிடும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் 150, நல்ல இரவில் 200, என்றாவது ஒருநாள் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் 40 மடங்கிலேயே வியாழன், நாம் வெறும் கண்ணால் பார்க்கும் முழுநிலவின் அளவுக்குத் தெரிகிறது. யாரும் இதை நம்புவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 வில்விநாடியை 40-ஆல் பெருக்கினால் 1800, அதாவது அரைப் பாகை. சின்னதாகத் தோன்றுவது கருவியின் குறை இல்லை. ஒப்பிட அருகில் எதுவும் இல்லாத கறுப்பு வெளியில் கண் ஏமாறுகிறது.

என் தொலைநோக்கிக்கு எத்தனை மி.மீ. ஐபீஸ் பொருந்தும்?

ஒரு சுலபமான வழி இருக்கிறது. தொலைநோக்கியின் எஃப் எண்ணைப் பாருங்கள். குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது அது. எஃப்/6 என்றால் 6 மி.மீ. ஐபீஸ், எஃப்/8 என்றால் 8 மி.மீ., எஃப்/12 என்றால் 12 மி.மீ. இப்படிப் பொருத்தும்போது ஐபீஸில் இருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் சரியாக 1 மி.மீ. கோள்களுக்கு அதுதான் நல்ல தொடக்கம். காற்று அனுமதித்தால் அங்கே இருந்து இறங்கி, அந்த எண்ணின் பாதி வரை போகலாம். பாதிக்கும் கீழே போனால் உருவம் மங்கும், கண்ணுக்குள் மிதக்கும் தூசிகளும் நூல்களும் வியாழனுக்குக் குறுக்கே நீந்தும்.

8 அங்குல எஃப்/6 டாப்சோனியனில் (அடித்தட்டின் மேல் கையால் நகர்த்தும் கண்ணாடித் தொலைநோக்கி) குவியத் தூரம் 1200 மி.மீ. 8 மி.மீ. ஐபீஸ் 150 மடங்கும் 6 மி.மீ. 200 மடங்கும் தரும். இந்த இரண்டும், தேடுவதற்குப் பெட்டியோடு வந்த 25 மி.மீ.யும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். 6 அங்குல எஃப்/8 டாப்சோனியனிலும் இதே மூன்றுதான். 127 மி.மீ. மாக்சுடோவில் (லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த வகை) குவியத் தூரம் 1500, 10 மி.மீ. பொருத்தினால் 150 மடங்கு. இதனால்தான் மாக்சுடோவ் வைத்திருப்பவர்கள் சாதாரண ஐபீஸ்களிலேயே சுகமாக இருக்கிறார்கள். 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட சிறிய தொலைநோக்கிக்கு 6 மி.மீ. எல்லை, 117 மடங்கு. 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட குட்டைத் தொலைநோக்கிக்குத்தான் சிக்கல்: 160 மடங்குக்கு 4 மி.மீ. தேவைப்படும். பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ் பற்றிய பதிலைப் பாருங்கள்.

பிளாஸல், ஆர்த்தோ, அகலப் பார்வை ஐபீஸ் – எது கூர்மை?

கோளை நடுவில் வைத்துப் பார்க்கும்போது, ஒழுங்காகச் செய்யப்பட்ட எல்லாமே கூர்மைதான். வியன்னாவில் பிளாஸல் 1860-இல் வகுத்த வடிவத்திலும், ஆபே 1880-இல் வகுத்த ஆர்த்தோஸ்கோபிக்கிலும் நான்கு லென்ஸ்கள்தான். கண்ணாடி குறைவு, சிதறும் ஒளியும் குறைவு. பழைய கோள் பார்வையாளர்கள் ஆர்த்தோவின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் 6 மி.மீ. பிளாஸலிலோ ஆர்த்தோவிலோ கண்ணை லென்ஸில் இருந்து 5 மி.மீ. தூரத்துக்குள் வைக்க வேண்டும். இமை மயிர் கண்ணாடியை வருடும். வியர்வை ஈரம் படிந்து மூடுபனி கட்டும். கழுத்தை வளைத்துக்கொண்டு அப்படிப் பார்ப்பவருக்குக் கூர்மை என்ன தெரியும்?

மோட்டார் இல்லாத டாப்சோனியன் வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். வானம் ஒரு பாகை நகர 4 நிமிடம். 200 மடங்கில் 50 பாகைப் பார்வைப் புலம் உள்ள பிளாஸல், வானத்தில் கால் பாகையைக் காட்டும். வியாழன் ஒரு நிமிடத்தில் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரத்துக்கு ஓடிவிடும். தள்ளிவிட்டு, ஆட்டம் அடங்கக் காத்திருந்து, ஃபோகஸைத் தொட்டால் மீண்டும் ஓரம். 82 பாகைப் புலம் உள்ள ஐபீஸில் அதே பயணத்துக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். காற்று ஒரு கணம் அடங்கும்போது வியாழனின் பட்டைகளில் முடிச்சுகளும் வளைவுகளும் திடீரென்று செதுக்கியதுபோல வந்து மறையும். அந்தக் கணத்தில் கோள் நடுவில் இருக்க வேண்டும், கண் தளர்வாக இருக்க வேண்டும். என் தேர்வு நடுவழி: 60 பாகைக்குச் சற்று முன்பின்னாகப் புலமும், 15 மி.மீ. அளவுக்குக் கண் இடைவெளியும் உள்ள கோள் வகை ஐபீஸ். இந்திய இணையக் கடைகளில் சிவப்பு வளையம், தங்க வளையம் என்று அழைக்கப்படும் 66 பாகை வகையின் 6, 9 மி.மீ. ஐபீஸ்கள் எஃப்/8 தொலைநோக்கியில் விலைக்கு மேல் உழைக்கின்றன. எஃப்/5 போன்ற, எஃப் எண் குறைந்த தொலைநோக்கியில் ஓரம் சற்றுக் கலங்கும். நடுவில் குறை இல்லை.

பெட்டியோடு எஸ்.ஆர்.4 என்று ஓர் ஐபீஸ் வந்தது. நல்லதா?

இல்லை. ஊசித்துளை வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். எடுத்து வைத்துவிடுங்கள். அதோடு "சூரியன்" என்று எழுதிய கறுப்பு வடிகட்டி ஒன்று ஐபீஸில் திருகும்படி வந்திருந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலில் அது வெடித்தால் கண் போய்விடும். சூரிய வடிகட்டி என்பது குழாயின் முன்வாயை மூட வேண்டியது.

பார்லோ வாங்கலாமா?

வாங்கலாம், 2 மடங்கு. குட்டைத் தொலைநோக்கிகளுக்கு அது அவசியம் என்றே சொல்வேன். 8 மி.மீ. ஐபீஸின் வசதியான கண் இடைவெளியோடு 4 மி.மீ. பெருக்கம் கிடைக்கும். 3 மடங்கு, 5 மடங்கு எல்லாம் புகைப்படக்காரர்களுக்கு. பிளாஸ்டிக் உடம்பும் ஒற்றை லென்ஸும் கொண்ட பார்லோ இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

ஜூம் ஐபீஸ்?

8–24 மி.மீ. ஜூம் ஒன்றை வைத்திருந்தால், அன்றைய காற்று எவ்வளவு பெருக்கத்தைத் தாங்கும் என்று குமிழைத் திருகியே தெரிந்துகொள்ளலாம். பள்ளி மாணவர்களுக்குக் காட்டும் ஆசிரியர்களுக்கு மிகவும் உதவும். தனி ஐபீஸின் அகலப் புலம் அதில் கிடைக்காது.

நான் கண்ணாடி அணிபவன். கழற்ற வேண்டுமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிடுங்கள். ஃபோகஸ் குமிழே ஈடுசெய்துவிடும். சிதறல் பார்வைக்காகச் சிலிண்டர் பவர் அதிகமாக இருந்தால் குறைந்த பெருக்கத்தில் கண்ணாடி வேண்டும். கோள்களுக்கான உயர்ந்த பெருக்கத்தில் ஒளிக்கற்றை 1 மி.மீ.க்குள் சுருங்கிவிடுவதால் பெரும்பாலும் அந்தக் குறையும் தெரியாது.

வண்ண வடிகட்டிகள்?

வெளிர்நீலம் வியாழனின் பட்டைகளைச் சற்றுத் தூக்கிக் காட்டும், ஆரஞ்சு செவ்வாயின் கருந்திட்டுகளைக் காட்டும். இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஐபீஸ் மாற்றியும், இடம் மாற்றியும் கலங்கல் தீரவில்லையே?

கண்ணாடித் தொலைநோக்கி என்றால் கொலிமேஷன், அதாவது கண்ணாடிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தீர்களா? ஓசூரில் இருந்து வண்டியில் குலுங்கி வந்த குழாயில் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபோகஸில் இருந்து விலக்கிய விண்மீனின் வளையங்கள் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தால் பின்கண்ணாடித் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். லென்ஸ் தொலைநோக்கிகளுக்கும் மாக்சுடோவுக்கும் இந்த வேலை அநேகமாக இல்லை.

கோள் நேர் உச்சிக்கு வந்துவிட்டால் டாப்சோனியனை நகர்த்தவே முடியவில்லை. என்ன செய்வது?

நம் அட்சரேகையின் கொடுப்பினைக்குச் செலுத்தும் விலை இது. உச்சியில் நிற்கும் பொருளைப் பக்கவாட்டில் தொடர, அடித்தட்டை வெகுவாகச் சுழற்ற வேண்டும். உச்சியைத் தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள். அப்போதும் 65 பாகைக்கு மேல் உயரம் இருக்கும், காற்றுக் கணக்கில் பெரிய இழப்பு இல்லை.

பனியில் லென்ஸ் ஈரமாகிறது. துடைக்கலாமா?

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற ஊரில் லென்ஸ் தப்புமா? வேட்டி முனையால் துடைக்காதீர்கள். புழுதியில் உள்ள கருங்கல் துகள் பூச்சைக் கீறிவிடும். முன்லென்ஸுக்குக் கறுப்பு அட்டையில் ஒரு நீண்ட குழல் செய்து மாட்டுங்கள். பயன்படுத்தாத ஐபீஸைச் சட்டைப் பையில் வையுங்கள், உடல் சூட்டில் ஈரம் படியாது. வீடு திரும்பியதும் மூடியைத் திறந்து உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அந்த ஐபீஸ் அதோடு சரி.

தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் காட்டோரங்களில் இரவு தங்கிப் பார்க்கலாமா?

வேண்டாம். ராகி முற்றும் காலத்தில் யானைக் கூட்டங்கள் காட்டை விட்டு வயல்களுக்கு இறங்குகின்றன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம்–ஒகேனக்கல் சாலை எல்லாம் அவற்றின் வழிகள். ஐபீஸில் ஒரு கண்ணும் இருட்டில் ஒரு கண்ணுமாக யாராலும் இருக்க முடியாது. கோள்களுக்குத்தான் இருட்டுக் காடு தேவையில்லையே. ஊருக்குள், ஆள் நடமாட்டம் உள்ள திடலிலேயே பாருங்கள்.

அடுத்து எதற்குத் தயாராகலாம்?

2026 அக்டோபர் 4 அன்று சனி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. பருவமழை தொடங்கும் நேரம் என்பதால் அந்த நாளையே பிடித்துக்கொண்டிருக்காமல் டிசம்பர் வரை மேகமில்லாத மாலைகளைப் பயன்படுத்துங்கள். 2025 மார்ச்சில் விளிம்பாகத் தெரிந்த வளையங்கள் இப்போதுதான் மெல்லத் திறக்கின்றன. ஆகவே வளையங்களுக்கு நடுவே உள்ள காசினி இடைவெளி ஓரங்களில் மட்டும், அதுவும் 150 மடங்குக்கு மேல், தெரிந்தால் மகிழ்ச்சி. வளையங்கள் முழுதாக விரிய 2032 வரை பொறுக்க வேண்டும்.

அதற்குப் பின் 2027 பிப்ரவரி. இரண்டாம் வாரத்தில் வியாழன், 19-ஆம் தேதி செவ்வாய், இரண்டும் சூரியனுக்கு எதிரே, சிம்ம விண்மீன்களின் பக்கம், நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. வியாழனுக்கு 150 மடங்கு ஐபீஸோடு தொடங்குங்கள். செவ்வாய் அந்த முறை 14 வில்விநாடிக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால் காற்று விடுகிற உச்சபட்சப் பெருக்கம் அதற்கு வேண்டும். 6 மி.மீ. வாங்குவதாக இருந்தால் அதற்குள் வாங்கிவிடுங்கள். மாசி மாதம், பின்னிரவு, மண்தரை.